எக்ஸ்ரேயில் ஒரு நட்சத்திரம்

“இது என்னோட சீட்டுங்க. எழும்புங்க!”

ஹட்டன் ஸ்டேஷனில் கொட்டும் மழையில் ரயிலேறிய பிரேமினியின் அதட்டலுக்கு, ஜன்னலோரம் இருந்தவன் பதறி எழுந்தான். அவள் இமை நுனியில் ஒரு மழைத்துளி... விழவா, வேண்டாமா என்று தயங்கியது. அவனும் அப்படியே நின்றுவிட்டு, பக்கத்து இருக்கையில் ஒதுங்கினான்.

அவள் மடிக்கணினியைத் திறந்தாள். திரையில் புகைபோல் ஒரு கறுப்பு வெள்ளைப் படம்.

“யாருங்க இந்த நோயாளி? நெஞ்சு பூராவும் சளியா இருக்கே...”

“என்னது?”

“நான் மதுரன். நுவரெலியா ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுக்கிறேன்.”

பிரேமினிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “இதுவும் எக்ஸ்ரேதான். ஆனா நோயாளி வெடிச்சுப் பல நூறு வருஷமாச்சு. இது ஒரு நட்சத்திரத்தோட மிச்சம்!”

அவன் கண்கள் விரிந்தன. அந்த வியப்பே அவளைப் பேசவைத்தது.

“எக்ஸ்ரேயில கொதிக்கிற வாயு தெரியும். இன்ஃப்ராரெட்ல அந்தச் சூட்டுல காயுற தூசி தெரியும். ரெண்டையும் சேர்த்துப் பார்த்தாத்தான் எவ்வளவு தூசி அழியாம தப்பிச்சுதுன்னு சொல்லலாம். அதுதான் என் ஆராய்ச்சி. நாளைக்கு லிந்துலையில, நான் படிச்ச தேயிலைத் தோட்டத்து ஸ்கூல்ல இதைப் பத்திப் பேசுறேன்.”

“தோட்டத்து ஸ்கூல்ல படிச்ச பொண்ணா... இதெல்லாம்?”

அவள் முகம் சிவந்தது. “ஏன், எங்க லயத்து வீட்டுக் கூரைக்கு மேல வானம் இல்லியா?”

தலவாக்கலையில் இறங்கும்வரை அவள் திரும்பவே இல்லை. கொழும்பில் கேட்டுக் கேட்டுப் புளித்த கேள்விதான்... இவன் கேட்டால் மட்டும் ஏன் இப்படி வலிக்கிறது?

மறுநாள் பள்ளி மண்டபம் நிறைந்திருந்தது. கொழுந்து பறிக்கப் போகாமல் வந்த அம்மா நாகலெட்சுமி முன்வரிசையில். கடைசி வரிசையில்... மதுரன்!

அவள் பேசி முடித்து, கைதட்டல் ஓய்ந்ததும் அவன் எழுந்தான்.

“நேத்து நான் கேலியா கேக்கலைங்க. நானும் கொத்மலை லயத்துலதான் பொறந்தேன். பெருமையில பேச்சு பாதியிலேயே நின்னுபோச்சு.”

கூட்டம் கலைந்தபின், வாசலில் தூறலில் நின்றவனிடம் அவளே போனாள்.

“இதைச் சொல்லவா லீவு போட்டுட்டு வந்தீங்க?”

“இன்னொண்ணும் இருக்கு... உங்களப் புடிச்சிருக்குங்க.”

“அடுத்த மாசம் ஆராய்ச்சிக்கு ஜப்பான் போறேன். மூணு வருஷம்.”

“போங்க. நீங்க போயே ஆகணும். நான் காத்திருக்கேன்.”

போகாதே என்று சொல்லாத ஒருவன்... அவள் கண்கள் நிறைந்தன.

அம்மா குடையோடு நெருங்கினாள். “யாரும்மா இது?”

பிரேமினி தலைகுனியவில்லை.

“மதுரன்ம்மா. எனக்குப் புடிச்சவரு.”