பின் சீட்டுக்கு அடியில்

கார் நேற்று சாயங்காலத்திலிருந்து நிறுத்திய இடத்திலேயே நின்றது. அப்படியிருந்தும் அவள் கதவைத் திறந்ததும் உள்ளேயிருந்து பெட்ரோல் வாடை, இப்போதுதான் யாரோ சீட்டில் ஊற்றிவிட்டுப் போனதுபோல, குப்பென்று முகத்தில் அடித்தது. வெறும் பெட்ரோல் என்றாலாவது பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருப்பாள். அதற்கு அடியில் இன்னொரு வாடை இருந்தது. நாலைந்து நாள் பல் துலக்காத வாயை யாரோ அவள் மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்து திறந்த மாதிரி, கதகதப்பாக, புளித்துப்போய். கதவைப் பிடித்தபடியே குனிந்து, காலையில் குடித்த பாலை அப்படியே தரையில் கக்கினாள்.

"உனக்கு இப்போ எல்லாமே நாறும்மா. நேத்து சோப்பு நாறுதுன்னு சொன்ன" என்று கணவன் சிரித்தான். "எனக்கு ஒண்ணும் தெரியலையே."

ஐந்து மாதம் முழுகாமல் இருப்பவளின் மூக்கை யார் நம்புவார்கள்? ஆனால் அவளுக்கு முதல் கரு தங்கவில்லை. பெட்ரோல் ஆவியைச் சுவாசிக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இதுவாவது நல்லபடியாகப் பிறக்க வேண்டுமே என்று அவள் மூச்சைக்கூடப் பார்த்துப் பார்த்து விடுகிறாள். இவனானால் எல்லாவற்றுக்கும் ஈயென்று பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் வேலைக்குப் போனதும், அவனைக் கேட்காமலே மெக்கானிக்கை வரவழைத்தாள்.

குடியிருப்பில் கார்கள் நிறுத்தும் கீழ்த்தளம் பகலிலும் இருட்டாகத்தான் இருக்கும். மெக்கானிக் பானெட்டைத் திறந்து, குழாயெல்லாம் விரலால் தடவி முகர்ந்தார். டேங்க் மூடியின் ரப்பரைப் பார்த்தார். எல்லாம் சரியாகவே இருந்தன.

"டேங்க் நிறைஞ்சிருக்கும்போது ஜாஸ்தியா வருதாக்கா, இல்ல எப்பவுமேவா?"

"நிரப்புன அன்னைக்கு உள்ள உட்காரவே முடியலைங்க."

"அப்போ கசிவு டேங்குக்கு மேல் பக்கம்தான். பின் சீட்டைத் தூக்கிப் பார்த்துடலாம்."

சீட்டுக்கு அடியில் ஒரு தகர மூடி. அதன் திருகாணிகள் வெறும் கையாலேயே கழன்று வந்தன. "இதை யாரு அடிக்கடி கழட்டுறது?" என்று முனகியபடி அவர் மூடியை எடுத்தார். அதற்குக் கீழே டேங்கின் வாய். அதில் பெட்ரோலை மேலேற்றும் பம்ப், அதைச் சுற்றி ரப்பர் வளையம். எல்லாம் ஈரம். விரலை வைத்து எடுத்தார். விரலோடு கூடவே நூல் நூலாக, கொழகொழவென்று ஏதோ எழும்பி வந்தது. பெட்ரோல் அப்படி இழுபடாது. அவர் முகர்ந்து பார்த்தார், முகம் கோணியது. விரலைப் பேன்ட்டில் துடைத்தார். போதாமல் மறுபடியும் துடைத்தார்.

வளையத்தைப் பிடுங்கி வெளிச்சத்தில் காட்டினார். ஒரு பக்கம் முழுக்கக் கடிபட்டிருந்தது.

"எலியா?"

"எலிப் பல்லு சின்னதுக்கா." அவர் புது வளையம் போட்டு, திருகாணிகளை முறுக்கி, கசிவில்லை என்று இரண்டு தடவை சோதித்துவிட்டு, "ரெண்டு நாள் கண்ணாடியை இறக்கி வைங்க, போயிடும்" என்றபடி அவசரமாகக் கிளம்பினார்.

கார் சுத்தமானது. அவள் உள்ளே உட்கார்ந்து ஆசைதீர மூச்சிழுத்தாள். புது ரப்பர் வாசனைதான் வந்தது. நிம்மதியில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த வாரமே வாடை படுக்கையறைக்கு வந்தது.

கணவனின் தலையணையில் கையளவுக்கு மஞ்சள் கறை, தொட்டால் பிசுபிசுத்தது. அவன் சரியாகச் சாப்பிட்டு எத்தனை நாளாயிற்று என்று அப்போதுதான் யோசித்தாள். கேட்டால் "வெளில சாப்பிட்டேம்மா" என்பான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் வாயைப் பிளந்துகொண்டு தூங்கியபோது, மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். உதடுகள் நீரில் ஊறிய தோலாக வெளுத்து, உரிந்து தொங்கின. ஈறுகள் சாம்பல் நிறத்தில் இருந்தன. நாக்கு உப்பி, வழவழப்பாக, ஒரு சொரசொரப்பும் இல்லாமல் கறுத்துக் கிடந்தது. அந்த வாயாலா நேற்றுத் தன் வயிற்றில் முத்தம் கொடுத்தான்? குளியலறைக்கு ஓடி, தோல் சிவக்கும்வரை வயிற்றைத் தேய்த்துக் கழுவினாள்.

சாயங்காலம் கார் கழுவப் போவதாகச் சொல்லிவிட்டுக் கீழே போனான். வாளி வாசலிலேயே இருந்தது. அவன் திரும்பி வரக் காணோம். இன்றைக்குக் கேட்டே விடுவது, பிள்ளை பிறக்கும்வரை அம்மா வீட்டுக்குப் போய்விடுவது என்று முடிவு செய்துகொண்டு அவள் கீழே இறங்கினாள்.

காரின் பின் கதவு திறந்திருந்தது. "என்னங்க?" என்றாள். ஒரு சத்தம் மட்டும். கைக்குழந்தை பால் குடிக்கிற சத்தம். சப்புக்கொட்டி, நிறுத்தி, மூச்சு வாங்கி, மறுபடியும்.

இன்னும் இரண்டடி போனாள்.

சீட்டு தூக்கப்பட்டிருந்தது. பம்ப் வெளியே கிடந்தது. அவன் மண்டி போட்டிருந்தான். டேங்கின் வாயில் அவன் வாய். தொண்டை ஏறியது. இறங்கியது. ஏறியது.

அவளுக்கு வாயெல்லாம் எச்சில் சுரந்தது. வாந்திதான் என்று நினைத்தாள். கையால் பொத்திக்கொண்டாள். வாந்தி வரவில்லை. எச்சில் விரலிடுக்கில் வழிந்தது. வயிற்றுக்குள் பிள்ளை முதல் தடவையாக உதைத்தது. பிறகு உதைத்துக்கொண்டே இருந்தது.

அவன் நிமிர்ந்தான். மோவாயிலிருந்து நூல் நூலாக இறங்கியது.

"வா" என்றான், அவ்வளவு அன்பாக. "பிள்ளைக்குப் பசிக்குது பாரு."

சட்டை நுனியால் டேங்கின் விளிம்பைத் துடைத்தான். கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான். அவள் அதற்குள் மண்டியிட்டிருந்தாள்.