பத்து வினாடி மௌனம்

கூடத்துக் கடிகாரத்தின் சத்தம் நின்றுபோனதை அவள் முதலில் பொருட்படுத்தவில்லை. பட்டப்பகல், ஜன்னல் திரை ஊதி ஊதி அடங்க, மின்விசிறி கரகரக்க, உள்ளறையில் உறங்கும் அம்மாவின் மூச்சு சீராகக் கேட்க, மடிக்கணினித் திரையிலேயே கண்ணாக இருந்தாள். நிமிர்ந்தபோது கடிகாரமே இல்லை. சுவரில் வட்டமாக ஒரு வெளிறிய தடம் மட்டும் இருந்தது.

அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் பிடிவாதம். மற்ற மென்பொருள்களை நிறுவவும் நீக்கவும் உதவும் மென்பொருள் ஒன்றைச் சீர்செய்யும் வேலை அவள் தலையில் விழுந்திருந்தது. படம் கிடையாது, பொத்தான் கிடையாது, கறுப்புத் திரையில் வெறும் எழுத்து. தொட்டதற்கெல்லாம் கேள்வி கேட்டு உயிரை வாங்குகிறது என்று எல்லோரும் புலம்ப, பத்து வினாடி பதில் வராவிட்டால் 'ஆம்' என்று எடுத்துக்கொள்ளும்படி மாற்றினாள். "எவன் படிக்கிறான்? எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டு ஆம்னுதானே தட்டுறாங்க!" என்று தலைமைப் பொறியாளரிடம் வாதாடி ஜெயித்ததும் அவள்தான்.

இன்றுதான், வீட்டில் வைத்து, அதன் முதல் சோதனை.

*தேவையற்றது: கடிகாரம். நீக்கப்பட்டது.*
*தேவையற்றது: உள்ளறைக் கதவு. நீக்கவா? 4... 3...*

சுவரையும் திரையையும் மாறி மாறிப் பார்ப்பதற்குள் எண்ணிக்கை முடிந்தது. அம்மாவின் மூச்சுச் சத்தம் சட்டென்று அறுந்தது.

*தேவையற்றது: அம்மா. நீக்கவா? 10... 9...*

பயத்தைவிடக் கோபம் பெரிதாக வந்தது.

"எங்கம்மா வேணுமா வேண்டாமான்னு சொல்ல நீ யாரு?"

'இல்லை' தட்டினாள். மீண்டும் அதே கேள்வி, மீண்டும் பத்து. மென்பொருளை நிறுத்திப் பார்த்தாள், மின்கம்பியைப் பிடுங்கினாள், எதற்கும் மசியவில்லை. இல்லை. மீண்டும் பத்து.

எங்கோ தூரத்திலிருந்து வருவதுபோல் அம்மாவின் குரல். "ஏண்டி, கதவைக் காணோமே? ஒரே இருட்டா இருக்கு."

மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளறைப் பக்கம் ஓடினாள். கதவு இருந்த இடத்தில் வழவழவென்று சுவர். கீறல்கூட இல்லை.

"பயப்படாதம்மா. நான் இங்கேயேதான் இருக்கேன்."

சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். மடியில் திரை. விரல் மரத்தது. வேறு விரல்.

"கேளு. எத்தனை தடவை வேணும்னாலும் கேளு."

இல்லை. பத்து. இல்லை.

உள்ளேயிருந்து அம்மா சுவரைத் தட்டினாள். முதலில் மகளின் தலைக்கு நேராக. பிறகு தோளுக்கு. இல்லை. பிறகு இடுப்புக்கு.

இப்போது அந்தத் தட்டல் தரைக்குக் கீழிருந்து.

இல்லை.