வாசற்படிக் கல்

ஆர்விட்டின் வாசற்படி ஓரத்தில் அடையாளத்துக்கு மஞ்சள் துணிக் கொடி ஒன்று நட்டிருந்தது. ஒருத்தி குந்தி உட்கார்ந்து, பல் துலக்கும் பிரஷ்ஷால் படியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மழை தூறியது. அவள் கண்டுகொள்ளவில்லை.

"என்னம்மா பண்றீங்க?" என்றான் ஆர்விட்.

"படியைப் பாக்கறேன்."

"மூணு தலைமுறையா அதை மிதிச்சிருக்கோம். பல்லு விளக்கிவிட்டது நீங்கதான்."

"பழக்கம். விஸ்பி டவுன்ல பல் ஆஸ்பத்திரி நர்ஸ் நான். பேரு இங்கெலா."

லீவு போட்டுவிட்டு, சம்பளமில்லாமல் வயல் வயலாக வரிசையில் நடந்து பழங்காலப் புதைகுழிகளைத் தேடும் கூட்டத்தில் ஒருத்தி. காசு வாங்காமல் மண்ணைக் கிளறுகிறவர்களை ஆர்விட் நம்புவதில்லை.

"உங்க ஆடு மேயற இடத்துல, பிணத்தைப் புதைச்சு சுத்தி கப்பல் மாதிரி கல்லு நட்டிருக்காங்களே... அதுல முன்மூக்குக் கல்லைக் காணோம். குழி மட்டும் இருக்கு. இந்தப் படி அதே அளவு."

அவனுக்கு அது தெரியும். தாத்தா குதிரை பூட்டி இழுத்து வந்த கல். சவக்குழிக் கல்லைத் திருடி வாசலில் போட்ட குடும்பம் என்று பெயர் வரக் கூடாதென்று அப்பா சாகும்வரை ஒரு பொய் சொன்னார். அதையே இவனும் சொன்னான்.

"கடற்கரையில கிடந்தது."

அவள் நிமிர்ந்தாள். சாம்பல் நிறக் கண்கள். இமையில் ஒரு சொட்டு மழை, விழலாமா வேண்டாமா என்று தொங்கியது.

"நிஜமாவா?"

"நிஜமாத்தான்."

"சரி." நோட்டில் எழுதிக்கொண்டு கொடியைப் பிடுங்கினாள்.

சண்டை போட்டிருந்தால் தேவலை... நம்பிவிட்டாள்.

அடுத்த பத்து நாளும் தண்ணீர் பிடிக்க அவன் வீட்டுக் குழாய்க்குத்தான் வந்தாள். அவன் போட்ட காபியைத் தார் என்றாள். இரண்டு கோப்பை குடித்தாள். பதினோராம் நாள் வாளியை வைத்துவிட்டுச் சொன்னாள்:

"அந்தக் குழிக்கு நாளைக்கு லாரில புதுக்கல் வருது. அதை நட்டதும் கிளம்பறோம். எனக்கென்னமோ மனசே ஆகல."

எதற்கு மனசு ஆகவில்லை, புதுக்கல்லுக்கா, கிளம்புவதற்கா... அவன் கேட்கவில்லை.

விடிந்ததும் கடப்பாரையால் படியைப் பெயர்த்து டிராக்டரில் ஏற்றினான். மேய்ச்சல் நிலத்தில், எல்லோர் எதிரிலும் இறக்கினான்.

"என் தாத்தா திருடினது. நான் சொன்னது பொய்."

பக்கத்துப் பண்ணை ஹில்டிங் கிழவர் மூக்கைச் சிந்தினார். "ஊருக்கே தெரியும்டா. நீ எப்ப வாயைத் திறப்பேன்னுதான் பாத்தோம்."

இங்கெலா சிரிக்கவில்லை. "உங்களை நம்பி எழுதினேன்."

"அதான் தாங்கல. ஊர் நம்பலேன்னு எனக்கும் தெரியும், பழகிப்போச்சு."

கல் குழியில் கச்சிதமாக உட்கார்ந்தது. மறுபடி நட்ட கல் என்று பின்னால் வருகிறவர்களுக்குத் தெரிய, மண்ணுக்குச் சற்று மேலே சின்னத் துளை போடுவார்கள். அவள் அதைப் போட்டாள். நோட்டில் பழைய வரியை அடித்தாள். புதுக்கல் வந்த வழியே திரும்பிப் போனது.

சாயங்காலம், அவன் மேய்ச்சல் நிலத்தில் மறந்து விட்டுவந்த கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வாசலில் படி இல்லை. கதவு நிலையின் அடிக்கட்டை அவள் முழங்காலுக்கு மேல் நின்றது.

"எப்படி ஏறறது?"

"கை குடுக்கறேன்."

"நாளைக்கு?"

"நாளைக்கும்."

"வேற படி போட்டுட்டா?"

ஆர்விட் அவளைப் பார்த்தான். தூறல் மறுபடி ஆரம்பித்திருந்தது.

"போடமாட்டேன், இங்கெலா... நீ இங்க இருக்கணும். இது பொய்யில்ல."

அவள் கடப்பாரையைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கையை நீட்டினாள்.