ஆறு வரிமீன்களும் ஒரு பைற்றரும்

விடிய எழும்பி மீன்தொட்டி லைற்றைப் போட்ட துவாரகா, தன்னுடைய ஆறு வரிமீன்களுக்கும் வால் இல்லாததைக் கண்டாள். யாரோ கத்தரிக்கோலால் நறுக்கிவிட்டதுபோல, ஆறும் ஒரு மூலையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தன. தொட்டிக்குள் வேறு மீன் கிடையாது. முன்பு ஒன்று இருந்தது. அதை அவளே இரண்டு கிழமைக்கு முன் ரொயிலெற்றுக்குள் போட்டுத் தண்ணீரை இழுத்துவிட்டிருந்தாள்.

அது மச்சாளின் மீன். கணவன் பிரியந்தனின் அக்கா பாலேஸ்வரி, சென் ஜேம்ஸ் ரவுணில் பதினேழாம் மாடியிலுள்ள இந்த ஒற்றை அறை வீட்டுக்கு வந்து, ஹோல் சோபாவில் படுத்தெழும்பிய இரண்டு வருடத்தில் தனக்கென்று வாங்கிய ஒரே பொருள், போத்தலுக்குள் தனியாக வளர்த்த, பைற்றர் என்கிற அந்தச் சிவப்புச் சண்டைமீன்தான். வரிமீனோடு விட்டால் அவை பைற்றரின் செட்டையைக் கொத்திக் கொத்தியே கொன்றுவிடும் என்று கடைக்காரன் சொன்னது துவாரகாவுக்கும் தெரியும். தெரிந்துதான் விட்டாள்.

"நாலு பேரோட ஒத்துப்போகத் தெரியாட்டி உது என்னத்துக்கு, மச்சாள்?" என்று சிரித்தபடி போத்தலைத் தொட்டிக்குள் கவிழ்த்தாள். மூன்றாம் நாள் அது செட்டையில்லாத சதைத்துண்டாக மிதந்தது. மச்சாள் பார்த்தாள், அவ்வளவுதான். அந்தப் பார்வைதான் துவாரகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த கிழமை மச்சாள் மீன் பொரித்தாள். உள்ளே பொரித்தால் பயர் அலாம் அடிக்கும் என்று பல்கனியில் ஹொட்பிளேற் வைத்துப் பொரிப்பதுதான் இந்த வீட்டு வழக்கம், மைனஸ் இருபத்தொன்று என்றாலும் அதே வழக்கம்தான். மேலே ஒன்றும் போடாமல், வீட்டில் உடுத்தும் மெல்லிய சிவப்புச் சோட்டியோடு போனாள். மணம் வராமல் கண்ணாடிக் கதவை இழுத்துக் கொளுக்கியைப் போட்டது துவாரகா. பிறகு தட்டும் சத்தம் கேட்டது. கொஞ்சம் நிற்கட்டும் என்று ரீவீயின் சத்தத்தைக் கூட்டினாள். அதற்குள் தங்கை போனில் வந்துவிட்டாள். முக்கால் மணித்தியாலம் கதை போனது. கதவைத் திறந்தபோது மச்சாள் விறைத்துக் கிடந்தாள்.

கொளுக்கி தானாக விழுந்துவிட்டது என்று பொலிசுக்கும் பிரியந்தனுக்கும் சொன்னாள். அவன் நம்பினான். அவன் கடைசிவரை அப்படியே நம்பவேண்டும் என்பதுதான் இப்போது அவளுடைய ஒரே கவலை.

இன்றைக்கு மச்சாளின் எட்டுச் செலவு. செத்தவருக்கு விருப்பமான மீன், இறைச்சி எல்லாம் சமைத்துப் படைத்துவிட்டு, அவர் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்தி வெளியே நிற்கவேண்டிய நாள். நாலரைக்கே இருட்டிவிட்டது. ஹீற்றர் டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது, மச்சாளின் சோபாவிலிருந்து பழைய எண்ணெய் மணம் கிளம்பிக் கிளம்பி வந்தது, இலை போடக் குனிந்த துவாரகா தொட்டியைப் பார்த்தாள். தொட்டியில் ஒரு மீனும் இல்லை.

"மீன் பொரியல் எங்க?" என்றான் பிரியந்தன்.

"பல்கனியில. நான் எடுத்து வைச்சிட்டு அறைக்குள்ள இருக்கிறன். நீங்கள் வெளியில நில்லுங்கோ."

"நீரும் வாருமன்."

"தலையிடிக்குது." அவன் அழுவதைப் பக்கத்தில் நின்று பார்க்க அவளால் முடியாது.

"சரி. அரை மணித்தியாலத்துக்கு என்ன சத்தம் கேட்டாலும் நான் கதவு திறக்கமாட்டன். அக்கா ஆறுதலா இருந்து சாப்பிடட்டும்." வாசல் கதவைச் சாத்திக்கொண்டு போனான்.

துவாரகா கவனமாகத்தான் இருந்தாள். கண்ணாடிக் கதவு மூடாமல் ஒரு செருப்பை இடையில் வைத்துவிட்டே பல்கனியில் கால் வைத்தாள். தாச்சியில் எண்ணெய் இன்னும் சுட்டது. பொரித்துவைத்த மீன் ஒன்றையும் காணவில்லை.

பின்னால் கொளுக்கி விழுந்தது.

திரும்பினாள். கதவு மூடியிருந்தது. செருப்பு உள்ளே, கால்மிதியில், ஒழுங்காக இருந்தது. போனும் உள்ளே.

தட்டினாள். பலமாகத் தட்டினாள். "இஞ்சாருங்கோ" என்று கத்தினாள். குளிர் பல்லுக்குள் இறங்கியது. அப்போதுதான் அது உறைத்தது. என்ன சத்தம் கேட்டாலும். வாசலுக்கு வெளியே அவன் கைகூப்பி நிற்பான். அக்கா வந்துவிட்டாள் என்று அழுவான்.

தொட்டி லைற் மட்டும் எரிந்தது. தண்ணீருக்குள் சிவப்பாக ஏதோ விரிந்தது. விரிந்து, விளிம்பைத் தாண்டி நிலத்தில் வழிந்தது. செட்டை. இல்லை, துணி. நனைந்த சோட்டி.

படையலின் முன் மச்சாள் முதுகைக் காட்டி இருந்தாள். இலையில் வாலில்லாத ஆறு மீன்கள். துடித்துக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றாக எடுத்தாள். முள் எடுக்காமல் தின்றாள்.

துவாரகா இரண்டு கையாலும் கண்ணாடியில் அடித்தாள்.

மச்சாள் திரும்பவில்லை. ஈரக்கை ஒன்று நீண்டு ரிமோற்றை எடுத்தது. ரீவீயின் சத்தம் கூடியது.