ஐம்பதும் ஐம்பதும்

மாலை ஐந்து மணிக்குள் "என் வரைபடம்தான் தவறு" என்று எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். போட்டால் சர்க்யூட் போர்டு வரையும் ஹுய்-லிங்கின் வேலை போய்விடும். மதியச் சாப்பாட்டைக்கூட விட்டுவிட்டு அவள் பெங்கைத் தேடி வந்திருந்தாள். தைவானில் தாவோயுவான் பக்கத்தில் எந்த சர்க்யூட் போர்டு சண்டித்தனம் செய்தாலும் அவரைத்தான் தேடி வருவார்கள்.

"பெங் அண்ணே, கேமரா போர்டுல படம் விட்டு விட்டு வருது. சிக்னல் போற ஜோடிச் செம்புத் தடத்துக்கு நூறு ஓம் கேட்டிருந்தேன். ஃபேக்டரி ரிப்போர்ட்டும் நூறுன்னுதான் சொல்லுது. அதனால தப்பு என்னோடதாம்!"

ரிப்போர்ட்டில் அளந்த நாள் பத்தாம் தேதி என்றிருந்தது. பெங்கோடு வேலை செய்யும் லியாவ் அதற்குள் கார் சாவியை எடுத்துவிட்டாள்.

"ரிப்போர்ட் எழுதினவன் அளந்தே இருக்கமாட்டான் அண்ணே. புளுகன்!"

"ஆளையே பாக்கல, அதுக்குள்ள தீர்ப்பா?" என்றார் பெங்.

ஃபேக்டரியின் சோதனை அறையில் சியூ என்பவர் பதினெட்டு வருடமாக அளக்கிறார். இரண்டு அளவுக் கருவிகள். இயந்திரம் சமர்த்தாக நடந்துகொள்ள, அந்த ஊர் நம்பிக்கைப்படி ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பச்சைத் தின்பண்டப் பொட்டலம்; தேதி முடிந்துவிட்டால் பலிக்காது. பெங் பழுதான போர்டின் தடத்தை உருப்பெருக்கியில் பார்த்தார். வரைபடத்தில் அதன் அகலம் 0.10 மில்லிமீட்டர், இங்கே 0.13. பிறகு பொட்டலங்களைக் குனிந்து படித்தார். லியாவுக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது.

"சியூ, ஜோடியா அளக்கிறது இந்த மெஷின்தானே? தேதி முடிஞ்ச பொட்டலத்தோட இதை ஆன் பண்ணுவீங்களா?"

"சும்மா இருங்க! மெஷின் மொத்தமாப் படுத்துரும்!"

"பொட்டலம் மூணாம் தேதியே முடிஞ்சிருச்சு. அப்ப பத்தாம் தேதி பக்கத்து மெஷின்ல, ஒவ்வொரு தடமாத்தான் அளந்திருக்கீங்க. அம்பதும் அம்பதும் நூறு."

"ஆமா. கடையில புதுப் பொட்டலம் வரல. ஏன், கூட்டல் தப்பா?"

"தடங்க தள்ளி இருந்தா சரி. இங்க ஒட்டி ஓடுது. ஒண்ணுல வோல்டேஜ் ஏறுறப்ப இன்னொண்ணுல இறங்கும். ஒண்ணை ஒண்ணு இழுத்துக்கும், ஓம்ல அளக்கிற மின்மறுப்பு குறையும். தனித்தனியா அளந்தா அது தெரியாது. தடத்தை அகலமாக்கினது யாரு?"

சியூவின் குரல் இறங்கிவிட்டது. "நான்தான். மொத சாம்பிள்ல அம்பத்தாறும் அம்பத்தாறும், நூத்திப் பன்னெண்டு வந்துச்சு. எல்லா ஃபேக்டரியும் செய்யற மாதிரி கொஞ்சம் அகலப்படுத்திச் சரிபண்ணேன்."

அப்போதும் புதுப் பொட்டலம் இல்லாமல் கருவியைத் தொட அவர் சம்மதிக்கவில்லை. லியாவ்தான் மூன்று கடை ஏறி இறங்கி வாங்கிவந்தாள்.

பழுதான போர்டு எண்பத்தொன்பது ஓம் காட்டியது. சியூ அலமாரியிலிருந்து முதல் சாம்பிளைத் தேடி எடுத்துத் தாமே வைத்தார். நூறு.

ஒரு பொட்டலத் தேதியிலிருந்து பெங் இவ்வளவையும் பிடித்தது லியாவுக்குப் பெரிய ஆச்சரியம். அதைவிட, மயிரிழைத் தடங்கள் ஒன்றையொன்று இழுக்கும் அளவைக்கூட முன்பே கணக்கிட்டு வரைந்திருந்த ஹுய்-லிங்கை நினைக்கப் பெருமையாக இருந்தது. புளுகன் என்று சொன்னதற்கு வெட்கமாகவும் இருந்தது.

மணி நாலே முக்கால். ஹுய்-லிங்கின் முதலாளிக்கு சியூ தாமே போன் போட்டார்.

"ஐயா, அந்தப் பொண்ணு போட்டது அப்பழுக்கில்லாத கணக்கு. சரியா இருந்ததைச் சரிபண்றேன்னு கெடுத்தது நான்தான்."