பூட்டிய பெட்டிக்குள் தண்ணீர்

காலிங்பெல்லை அழுத்திய பாப்பா, விரலை எடுக்கவே மறந்துவிட்டாள். உள்ளேயிருந்து ஓடிவந்து கதவைத் திறந்தவர் மாப்பிள்ளை. ஆய்வாளரம்மாவின் ஒரே மகளைக் கட்டியவர் என்பதால் அந்தத் தெரு முழுக்க அவருக்கு அதுதான் பெயர். மாமியாரிடம் யாராவது பிரச்சினையோடு வந்துவிட்டால் போதும், மனிதருக்கு ஆபீஸ், சாப்பாடு எல்லாம் மறந்துபோகும்.

"அத்தை! கேஸ் வந்திருக்கு!" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"கேஸ் இல்ல மாப்பிள்ளை, ஒரு பொண்ணு வந்திருக்கு. முதல்ல அதுக்குத் தண்ணி குடுங்க" என்று பதில் வந்தது.

ஆய்வாளரம்மா தீ விபத்து, மின்விபத்து எல்லாவற்றையும் துருவித் துருவி ஆராய்ந்து ஓய்வு பெற்றவர். கூடத்தில் உட்கார்ந்து துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். பாப்பா தண்ணீரை வாங்கினாள். பாதியை மடியில் சிந்திக்கொண்டாள். முப்பது வயதைத் தாண்டியும் பாப்பா என்றே அழைக்கப்படும் அவள், அந்த நிமிஷம் உண்மையிலேயே சின்னக் குழந்தை மாதிரிதான் நடுங்கிக்கொண்டிருந்தாள்.

"என் வீட்டுக்காரரைக் கொல்லப் பாத்துட்டாங்க மேடம். விட்டா மறுபடியும் வருவாங்க."

"யாரு?"

"நெட்டை. அவரோட கூட்டாளி."

ஆய்வாளரம்மா ஒரு சட்டையை நீவி மடித்தார். "முதல்லேர்ந்து சொல்லும்மா."

பாப்பா சொன்னாள். அவள் கணவர் அலங்கார விளக்குக்காரர். ஊருக்கு வெளியே ஒரு பெரிய குடியிருப்பில், வருஷக் கடைசி விடுமுறைக்கு மரம், தூண், வளைவு எல்லாவற்றிலும் சரவிளக்கு கட்டும் வேலை அவருடையது. விளக்குகள் சாதுவானவை, தொட்டாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் வீட்டு மின்சாரத்தைக் குறைத்துக் கொடுக்கும் பவர் சப்ளையும், விளக்குகளை ஆட வைக்கும் கன்ட்ரோலரும் வெளியே திறந்த வெளியில் இருக்க வேண்டும். அதற்காகத்தான் மழை தாங்கும் பெட்டிகள். ஆள் உயரத்துக்கு மேலே ஆறு இடத்தில் மாட்டி, ஆறையும் பூட்டி வைத்திருந்தார்கள்.

நேற்று மாலை நடைபாதைத் தூண் ஒன்றில் விளக்குகள் விட்டுவிட்டு எரிந்தன. விளக்குக்காரர் ஏணியில் ஏறிப் பூட்டைத் திறந்தார். கதவைத் திறந்ததும் உள்ளே தேங்கியிருந்த தண்ணீர் கொட்டி அவர் கையை நனைத்தது. ட்ரிப் சுவிட்ச் விழுந்ததால் மின்சாரம் அவரை விட்டது, ஏணி விடவில்லை. கீழே விழுந்து தலை அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், இன்னும் கண் திறக்கவில்லை. பக்கத்தில் நாத்தனார் உட்கார்ந்திருக்கிறாள்.

"மழை பெஞ்சுதா?" என்றார் ஆய்வாளரம்மா.

"பெட்டிய மாட்டினதுலேர்ந்து ஒரு பொட்டு மழை இல்ல மேடம்."

"பூட்டு?"

"முழுசா இருந்துச்சு. சாவி ரெண்டே பேர்கிட்டதான். அவர்கிட்ட ஒண்ணு, நெட்டைகிட்ட ஒண்ணு."

மாப்பிள்ளை தொடையில் தட்டினார். "அப்புறம் என்ன அத்தை? வெட்ட வெளிச்சமா இருக்கே!"

"வெளிச்சம் கண்ணைக் கூசுது மாப்பிள்ளை, கொஞ்சம் பொறுங்க. ரெண்டு பேருக்கும் என்னம்மா சண்டை?"

"எந்தப் பெட்டி வாங்கறதுன்னுதான். நெட்டைக்கு ஈ புகாத மாதிரி இறுக்கி மூடின பெட்டி வேணும். இவர் வேற வாங்கிட்டு வந்து, அதுலயும் தன் இஷ்டத்துக்குத் துளை போட்டார். நாலு பெட்டிய மாட்டியாச்சு, ரெண்டு எங்க வீட்லயே இருந்துச்சு. அன்னிக்குத்தான் பெரிய சண்டை. 'இந்தப் பெட்டி ஒருநாள் உங்க உயிரை எடுக்கும், அப்ப என்னை நெனைச்சுப்பீங்க'ன்னு நெட்டை கத்தினான். கதவுக்குப் பின்னால நின்னு என் காதால கேட்டேன். எடுக்கத்தானே பாத்துச்சு மேடம்?"

அன்று முதல் அவளுக்குத் தூக்கம் சரியில்லை. பயந்து பயந்து, தன்னால் முடிந்த பாதுகாப்பையெல்லாம் செய்துதான் புருஷனை வேலைக்கு அனுப்பியிருந்தாள். அப்படியும் இப்படி ஆகிவிட்டதே என்று நினைத்தால் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஜன்னல் இடுக்கிலிருந்து சில்லென்று காற்று வந்தது. பேசிக்கொண்டே எழுந்துபோய்த் தன் கைக்குட்டையைச் சுருட்டி அந்த இடுக்கில் திணித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். ஆய்வாளரம்மா அதைப் பார்த்துக்கொண்டார்.

போன் அடித்தது. பாப்பா பேயைக் கண்டதுபோல அதைப் பார்த்தாள். திரையில் நெட்டையின் பெயர்.

"காலையிலேர்ந்து விடாம அடிக்கறான்."

"எடுத்துத்தான் பாரேன்."

"ஐயோ, வேணாம் மேடம்!" போனைக் கவிழ்த்து வைத்தாள். அது சோபாவில் கிடந்து உறுமி உறுமி ஓய்ந்தது.

குடியிருப்புக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மதியம் தாண்டிவிட்டது. நல்ல வெயிலிலும் பாப்பாவுக்குக் குளிர்ந்தது. எந்தத் தூணுக்குப் பின்னாலிருந்து அந்த நீளமான உருவம் எட்டிப் பார்க்குமோ என்று அவள் ஆய்வாளரம்மாவின் முதுகை ஒட்டியே நடந்தாள். காவலாளி சொன்ன சேதியைக் கேட்டு அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். நெட்டை காலையிலேயே வந்துவிட்டானாம். மாலை விளக்குப் போடுவதற்குள் எல்லாப் பெட்டியையும் தானே திறந்து பார்க்கப் போவதாகச் சொன்னானாம்.

"தடயத்தை அழிக்கறான்" என்று மாப்பிள்ளை பாப்பாவின் காதில் கிசுகிசுத்தார். நல்ல ஆறுதல்!

ஆய்வாளரம்மா முதலில் நடைபாதை மின்சாரத்தை நிறுத்தச் சொன்னார். பிறகு அவசரமே இல்லாமல் நடந்தார். புல்வெளியில் தண்ணீர் தெளிக்கும் குழாய்கள் சுற்றிக்கொண்டிருந்தன. அந்தத் தண்ணீர் பட்டுக் காய்ந்த இடமெல்லாம், பூந்தொட்டி, குழாய், இலை எல்லாம், சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. அவர் ஒரு இலையைச் சுரண்டிப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு தூணாக நின்று, பெட்டியை விட்டுவிட்டு, பெட்டிக்குக் கீழே இருந்த சுவரைப் பார்த்தார். நடைபாதையின் முதல் நான்கு தூண்களிலும் பெட்டிக்கு நேர் கீழே பாசி படிந்த மெல்லிய கோடு ஒன்று இறங்கியிருந்தது. விபத்து நடந்த ஐந்தாவது தூணில் கோடு இல்லை, வெறும் தூசிதான்.

"மாப்பிள்ளை, ஏறுங்க. கதவுக்கு உள்பக்கம் தண்ணி காஞ்ச இடம் எப்படி இருக்கு?"

ஏணியில் ஏறிய மாப்பிள்ளை உள்ளே தலையை விட்டார். "சுத்தமா இருக்கு அத்தை. கறுப்பு பிளாஸ்டிக் பளபளன்னு இருக்கு. அடியில இன்னும் கொஞ்சம் தண்ணி நிக்குது. அத்தை, எனக்குப் புரிஞ்சுபோச்சு! நெட்டை சாவி போட்டுத் தொறந்து, இந்தப் புல்வெளிக் குழாயிலேர்ந்து ஒரு பாட்டில் பிடிச்சு ஊத்தியிருக்கான்!"

"ஊத்தியிருந்தா அங்க வெள்ளைத் திட்டு எங்க? இந்த இடத்துல எந்தக் குழாயைத் தொறந்தாலும் சுண்ணாம்புத் தண்ணிதான்."

மாப்பிள்ளையின் முகம் சுண்டிப்போனது. "வீட்லேர்ந்து நல்ல தண்ணி கொண்டு வந்திருந்தா?"

"ஒரு ஆளைக் கொல்றவன் தண்ணிய வடிகட்டிக் கொண்டு வருவானா? இது யாரும் ஊத்தின தண்ணி இல்ல. காத்துல இருந்த தண்ணி."

பாப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் ஏனோ பயம் இன்னும் ஒரு படி ஏறியது.

"பெட்டிக்கு வர்ற ஒயர் மண்ணுக்குள்ள குழாய் வழியா வருது" என்றார் ஆய்வாளரம்மா. "ஈர மண்ணு. மாலையில விளக்கு எரியும்போது பவர் சப்ளை சூடாகி, பெட்டிக்குள்ள இருக்கிற காத்து விரிஞ்சு வெளிய போகும். அணைச்சதும் ஆறும். அப்ப பெட்டி மூச்சை உள்ள இழுக்கும். அந்தக் குழாய் வழியா ஈரக்காத்துதான் வரும். விடியக்காலைக் குளிர்ல அது தண்ணியா மாறிச் சொட்டும். எவ்வளவு இறுக்கி மூடினாலும் இது நடக்கும். நல்ல வேலைக்காரனுக்கு இது தெரியும். அதனால பெட்டிக்கு அடியில சின்னதா ஒரு துளை போடுவான். சேர்ற தண்ணி சேரச் சேர வடிஞ்சுடும். மத்த நாலு தூண்ல பாத்தோமே கோடு, அது வடிஞ்ச தடம்."

"அப்ப இதுல ஏன் வடியல?" என்றார் மாப்பிள்ளை.

ஆய்வாளரம்மா தன் கொண்டையிலிருந்து ஒரு ஊசியை உருவிக் கொடுத்தார். "அடியில துளை இருக்கிற இடத்துல குத்திப் பாருங்க."

மாப்பிள்ளை குத்தினார். பொசுக்கென்று ஏதோ விட்டுக்கொடுத்தது. மிச்சத் தண்ணீர் தூணில் வழிந்து இறங்கியது. ஊசி முனையில் கண்ணாடி போன்ற ஒரு சின்ன உருண்டை ஒட்டிக்கொண்டு வந்தது. இடுக்கு அடைக்கும் சிலிக்கான் பசை.

"எவனோ அடைச்சிருக்கான்!" என்று மாப்பிள்ளை துள்ளினார், ஏணி ஆடியது. "உள்பக்கமா, வெளிய தெரியாம அடைச்சிருக்கான். எப்பேர்ப்பட்ட கிராதகன்!"

பாப்பா அந்த உருண்டையைப் பார்த்தாள். சமையலறை மேடை, அதன்மேல் இரண்டு பெட்டிகள், பசைக் குழாயைப் பிதுக்கிய தன் கட்டைவிரல் எல்லாம் அவள் கண்முன் வந்து நின்றன.

"கிராதகன் இல்ல மாப்பிள்ளை" என்றார் ஆய்வாளரம்மா. குரலில் கடுமை இல்லை. "இடுக்கைப் பாத்தா அடைக்காம இருக்க முடியாத ஒருத்தர். பாப்பா, உன் வீட்ல இருந்த ரெண்டு பெட்டியையும் நீ அடைச்சியா?"

"தண்ணி போகும்னு..." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உள்ள தண்ணி போகும்னு பயந்துதான் மேடம்..."

"தெரியும்மா. அழாதே, இப்ப நேரம் இல்ல. ரெண்டுல ஒண்ணு இது. இன்னொண்ணு எங்க?"

"வாசல் வளைவுல."

"அந்த லைனை நாம நிறுத்தலையே" என்றார் ஆய்வாளரம்மா. இருந்த இடத்தில் இருந்தே உலகத்தை அளப்பவர், முதல்முறையாக வேகமாக நடக்கத் தொடங்கினார். "நெட்டைக்குப் போன் போடு."

பாப்பா போட்டாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. காலையிலிருந்து அவன் கூப்பிட்டுக் கூப்பிட்டு இவள் எடுக்கவில்லை. இப்போது இவள் கூப்பிடுகிறாள், அவன் எடுக்கவில்லை. ஏணியில் நிற்பவன் எந்தக் கையால் எடுப்பான்? மாப்பிள்ளை சுவிட்ச் அறையைத் தேடி ஒரு பக்கம் பறந்தார். பாப்பா செருப்பை உதறிவிட்டு வாசலை நோக்கி ஓடினாள். கொலைகாரன் என்று யாரைச் சொன்னாளோ அவன் சாகக்கூடாதே என்று வேண்டிக்கொண்டே ஓடினாள். மூச்சு முட்டியது, புல்வெளி முடிவதாகவே இல்லை.

வளைவின் உச்சியில், இரண்டு ஆள் உயர ஏணியின் மேல்படியில் நின்றுகொண்டிருந்தான் நெட்டை. பூட்டு அவன் கையில் இருந்தது. அதைச் சட்டைப்பையில் போட்டுவிட்டுப் பெட்டிக் கதவின் விளிம்பைப் பிடித்தான்.

"தம்பி! தொறக்காதீங்க தம்பி! கைய எடுங்க!"

எத்தனையோ நாளாக அவள் அவனைத் தம்பி என்று கூப்பிடவில்லை. அவன் திரும்பிப் பார்த்தான். ஏன் என்று கேட்கவில்லை. கையை எடுத்துவிட்டான்.

மாப்பிள்ளை மூச்சு வாங்க வந்து மின்சாரத்தை நிறுத்திவிட்டதாகச் சொன்ன பிறகுதான் ஆய்வாளரம்மா அந்தப் பெட்டியைத் திறக்க விட்டார். ஒரு செம்பு அளவுக்குத் தண்ணீர் ஏணிப்படிகளில் தடதடவென்று கொட்டியது. நெட்டை கீழே இறங்கி வந்து அந்த ஈரத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். முகத்தில் ரத்தமே இல்லை.

"காலையிலேர்ந்து போன் பண்றேன் அண்ணி. அண்ணன் எப்படி இருக்காருன்னு கேக்கத்தான். நீங்க எடுக்கவே இல்ல." பிறகு மெதுவாகக் கேட்டான். "யாரு அண்ணி இப்படிப் பண்ணினது?"

சொல்லத் துடித்த மாப்பிள்ளையை ஆய்வாளரம்மா கையமர்த்தினார்.

"நான்தான்" என்றாள் பாப்பா. "துளை வழியா தண்ணி போயிடும்னு நான்தான் அடைச்சேன். நீங்கதானே சொன்னீங்க தம்பி, இந்தப் பெட்டி அவர் உயிரை எடுக்கும்னு. கதவுக்குப் பின்னால நின்னு கேட்டேன். அன்னிக்கு ராத்திரியே அவர் தூங்கினப்புறம் அடைச்சேன். அப்படியும் அவர் விழுந்ததும் நீங்கதான் ஏதோ செஞ்சிட்டீங்கன்னு..."

நெட்டை ஏணியின் கீழ்ப்படியில் பொத்தென்று உட்கார்ந்தான்.

"துளை இருந்தாத்தான் நல்லதுன்னு அண்ணன் எனக்குப் பொறுமையா சொன்னாரு அண்ணி. எனக்கும் புரிஞ்சுது. ஆனா அவர்தான் எப்பவும் ஜெயிக்கறாருன்னு ஒரு கடுப்பு. கெட்டிக்காரத்தனமா பேசணும்னு சும்மா கத்திட்டுப் போனேன். நம்பாத ஒண்ணைச் சொன்னேன். நீங்க நம்பிட்டீங்க."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தார்கள். பாப்பாவின் போன் அடித்தது. நாத்தனார். இந்த முறை முதல் மணியிலேயே எடுத்தாள்.

"பாப்பா! கண்ணத் தொறந்துட்டாண்டி! பேசறான்! பேசறது என்னன்னு கேளேன், உயிர் பொழைச்சது பத்திக் கவலையே இல்ல. பெட்டிக்குள்ள தண்ணி எப்படி வந்துச்சு, எப்படி வந்துச்சுன்னு அதையே கேட்டுக்கிட்டு இருக்கான். நான் என்னத்தைச் சொல்ல?"

பாப்பா அழுதாள். பயம் போய் வந்த அழுகை பாதி, புதுப் பயம் மீதி.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம் அண்ணி" என்றாள். "அவர்கிட்ட நானே வந்து சொல்றேன்."

நெட்டை எழுந்து, பெட்டியைப் பூட்டிவிடச் சொல்லிப் பூட்டையும் சாவியையும் மாப்பிள்ளையின் கையில் கொடுத்தான்.

"இருங்க அண்ணி, நானும் வரேன்" என்றான். "நீங்க சொல்றதுக்கு முன்னால நான் சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்கு."