ஏழாம் இழுப்பறையின் ஈ

காலை 10.20. ஒரு வார விடுப்பு முடிந்து அருங்காட்சியகத்தில் தன் ஈ ஆய்வறைக்கு வந்ததும் ஏழாம் இழுப்பறையைத் திறந்த ஈக்காரம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஓர் இனத்துக்கே பெயர் வைக்க ஆதாரமான ஒற்றை ஈயைக் காணோம்! அதன் சிவப்புச் சீட்டுக்கு மேல் ஊசியில் குத்தியிருந்தது சாதாரண வீட்டு ஈ. சிறகின் நான்காம் நரம்பு நுனியில் மேலே மடங்கியிருந்தது. அசல் ஈக்கு அது நேராக ஓடும்.

"துடைக்கிற அக்காதான் உடைச்சிருப்பா. ஏதோ ஒரு ஈயைப் பிடிச்சுக் குத்தி வச்சிட்டா," என்றார் காப்பாளர். "அஞ்சு மணிக்கு வேலையை விட்டே அனுப்பிடுவேன்."

போன வருஷம் ஈக்காரம்மா கண் ஆபரேஷனில் படுத்திருந்தபோது, வண்டு அரிக்காமல் இழுப்பறைதோறும் பூச்சி உருண்டை மாற்றியது இந்த அக்காதான். அதை மறக்க முடியுமா?

11.05. ஜன்னலோரம் செத்துக் கிடந்த ஈயையும் ஓர் ஊசியையும் ஈக்காரம்மா அக்காவிடம் நீட்டினாள்.

"குத்துங்கக்கா."

அக்கா ஈயின் நட்டநடு முதுகில் குத்தினாள்.

11.40. ஈக்காரம்மா காப்பாளரின் மேஜையில் இழுப்பறையிலிருந்த வீட்டு ஈயையும் அக்கா குத்திய ஈயையும் வைத்தாள்.

"முதுகு முடியை வச்சுத்தான் இனம் பிரிக்கிறோம். இடப்பக்க முடியாவது உதிராம இருக்கட்டும்னு வலப்பக்கம் ஒதுக்கிக் குத்துவோம். அக்கா நட்டநடுவுல குத்தறாங்க. இழுப்பறையில இருந்த இந்த வீட்டு ஈயை வலப்பக்கம்தான் குத்தியிருக்கு. இங்க அப்படிக் குத்தறது நாம ரெண்டு பேர்தான் சார். ஈ இன்னும் காயலை, நேத்து செத்தது. நேத்து நான் ஊர்ல இல்லை."

காப்பாளர் குனிந்து வீட்டு ஈயைப் பார்த்தார்.

"விவரம் தெரியாதவ செஞ்ச மாதிரி இருக்கட்டும்னு வீட்டு ஈயை வச்சீங்க. கைப்பழக்கம் விடலை."

அவர் தன் மேஜை இழுப்பறையைத் திறந்தார். சின்ன டப்பாவில் அசல் ஈ. பக்கத்தில் உடைந்த சிறகும் இரண்டு கால்களும். "கைதவறிடுச்சு. தூக்கிப்போட மனசு வரலை," என்றார். அந்த ஒன்றுக்காக மட்டும் அவருக்கும் மனசுக்குள் நன்றி சொல்லிக்கொண்ட ஈக்காரம்மா, நடந்ததை இயக்குநருக்கு எழுதக் காகிதத்தை அவர் முன் தள்ளினாள்.

4.50. "நீங்க இல்லைன்னா என் பொழப்பே போயிருக்கும்மா," என்று அக்கா கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான்தான் உங்களுக்கு நன்றி சொல்லணும்கா."

"அப்போ ஒண்ணு கேட்கறேன். பன்னெண்டு வருஷமா இந்த இழுப்பறைங்களைத் தொடைச்சுக் காவல் காக்கறேன். ஒரு நாளும் இதுங்க முகத்தைப் பார்த்ததில்லை."

ஈக்காரம்மா நுண்ணோக்கியின் கீழே அசல் ஈயை வைத்து, நாற்காலியை அவளுக்கு விட்டுக்கொடுத்தாள்.

"அடேயப்பா, எவ்வளவு முடி!" அக்கா நிமிரவே இல்லை. "இடது பக்கம் ஒண்ணுகூட உதிரலைம்மா."

"உங்க காவல்தான்கா," என்றாள் ஈக்காரம்மா.